விருந்தினர் அருகில் நிற்கும்போது கை எங்கே இருக்க வேண்டும்?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்திரக்கதை, தொடர் ரசிகர்கள் கூடும் காமிக் கான் வகை விழா ஒன்றில், தமக்குப் பிடித்த வெளிநாட்டுத் தொடரில் நடித்து, அங்கே விருந்தினராக வரும் நடிகையுடன் படம் எடுத்துக்கொள்ள அவரும் அவருடைய அக்காவும் பணம் கட்டி நேரம் பதிவு செய்திருக்கிறார்கள். தோளில் கை போட்டு நிற்கலாமா, கட்டி அணைத்தபடி படம் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வாரா, அக்கா ஆசைப்படுவதுபோல ஒரு பொன்னாடை போர்த்தலாமா, அம்மா கட்டிக் கொடுக்கப்போகும் மாம்பழத்தை எந்த நேரத்தில் கொடுப்பது என்பவை அவருடைய ஐயங்கள். அத்தனை பேர் முன்னால் அசிங்கப்பட்டுவிடக் கூடாது என்ற கவலையையும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

தம்பி, இப்படிக் கவலைப்படுகிறவர்களால் அந்த அறையில் யாருக்கும் தொல்லை வருவதில்லை. துளியும் கவலைப்படாமல் வருகிறவர்களால்தான் வருகிறது. நான் சேலத்தில் ஸ்டுடியோ வைத்துத் தொழில் செய்பவன். கல்யாண வரவேற்பும் கல்லூரிக் கலைவிழாவும்தான் எனக்குச் சோறு போடுகின்றன என்றாலும், பெங்களூரில் இத்தகைய விழாக்களில் படமெடுக்கும் குழுவோடு சேர்ந்தும் வேலை பார்த்திருக்கிறேன். ஆகவே ரசிகனாக அல்லாமல், கேமராவுக்குப் பின்னால் நின்று இரண்டு பக்கத்து முகங்களையும் பார்த்தவனாகப் பதில் சொல்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான விடை இதுதான்: உடலைத் தொடுகிற எதையும், அது தோளில் கை வைப்பதாகவே இருந்தாலும், முதலில் வாயால் கேட்க வேண்டும், அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கை நகர வேண்டும். அந்தக் கேள்வியும் பதிலும் நீங்கள் படத்துக்கு நிற்கும் இடத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கையை வைத்துவிட்டு "ஓகேவா?" என்று கேட்பதைக் கேட்பதாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஏனென்றால் அந்த நிலையில், பின்னால் நூறு பேர் காத்திருக்க, எதிரே கேமரா இருக்க, வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அவருக்கு அநேகமாக இல்லை. புன்னகைத்து விட்டுவிடுவார். அந்தப் புன்னகையைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள்தான் அதிகம்.

அந்த அறை எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் இதன் காரணம் விளங்கும். திரை கட்டி மறைத்த ஒரு பகுதி. பின்புறம் ஒரே நிறத்தில் ஒரு திரை. இருபுறமும் ஃபிளாஷ் விளக்குகள். தரையில் விருந்தினர் நிற்க வேண்டிய இடத்தையும் ரசிகர் நிற்க வேண்டிய இடத்தையும் காட்டும் டேப். உள்ளே நுழைந்ததும் பை, தண்ணீர் பாட்டில், கைபேசி எல்லாவற்றையும் ஒரு மேசையில் வைக்கச் சொல்வார்கள். நீங்கள் நடந்து போய் நிற்பீர்கள், ஒரு வணக்கம், ஒரு கிளிக், சில இடங்களில் முதல் படம் சரியாக வராவிட்டால் உதவட்டும் என்று இரண்டாவது கிளிக், மறுபக்கமாக வெளியேறுவீர்கள். ஒருவருக்குக் கிடைப்பது சில வினாடிகள்தாம். நம் ஊர்க் கல்யாண வரவேற்பு மேடையை நினைத்துக்கொள்ளுங்கள்: கையில் மொய்க் கவரோடு வரிசையில் நகர்ந்து, மேடை ஏறி, வீடியோக்காரர் "இங்க பாருங்க" என்றதும் பார்த்து, மறுபுறம் இறங்கிப் பந்திக்குப் போவதற்கும் இதற்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மேடையில் நிற்கும் மணமக்களில் ஒருவராவது உங்களுக்கு உறவோ நட்போ ஆனவர். இங்கே நிற்பவரை நீங்கள் பல ஆண்டுகளாகத் திரையில் பார்த்து உறவாக உணர்ந்திருக்கலாம். அவருக்கோ நீங்கள் அந்த நொடியில் அறிமுகமாகும் அந்நியர். ரசிகருக்கும் விருந்தினருக்கும் இடையே வரும் சங்கடம் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் பிறக்கிறது.

"பணம் கட்டியிருக்கிறோமே" என்று வரிசையில் யாராவது ஒருவர் சொல்லத்தான் செய்வார். கட்டிய பணம் அவர் அருகில் நிற்கும் இடத்துக்கும், படமெடுப்பவரின் உழைப்புக்கும், கையில் வரும் அச்சுப் படத்துக்கும் உரியது. விருந்தினருக்குப் பிடிக்காத போஸை மறுக்கும் உரிமை உண்டு என்பதைப் பல விழாக்கள் டிக்கெட்டின் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. படித்துப் பார்த்தால் ஒரு படத்தில் எத்தனை பேர் நிற்கலாம், குழந்தைக்குத் தனி டிக்கெட் வேண்டுமா, கையெழுத்து இதில் அடங்குமா என்பவையும் அங்கேயே இருக்கும். கையெழுத்து பெரும்பாலும் தனிக் கட்டணம், தனி வரிசை. படமெடுக்கும் இடத்தில் போஸ்டரை நீட்டினால் அவர் மறுக்கும் முன்பே ஊழியர் மறுத்துவிடுவார்.

இந்த வழக்கம் நமக்கு முற்றிலும் புதிதன்று. அமெரிக்காவின் சான் டியேகோவில் காமிக் கான் தொடங்கியது 1970இல். இந்தியாவில் டெல்லியில் முதல் காமிக் கான் நடந்தது 2011இல். சென்னைக்கு அது வந்தது 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். ஆனால் நட்சத்திரத்தின் பக்கத்தில் வரிசையாகப் போய் நின்று ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொள்வதை நம்மவர்கள் மாநாடு அளவுக்கு நடத்தியிருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் டிசம்பர் கடைசியிலும் கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் ரஜினிகாந்த் மாவட்ட வாரியாக ரசிகர்களை அழைத்துப் படம் எடுத்துக்கொண்டது நினைவிருக்கும். அங்கேயும் அடையாள அட்டை, வரிசை, சில வினாடிகள் என்ற ஒழுங்குதான் இருந்தது. காலில் விழ வேண்டாம் என்று அவர் தம் ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டதும் அந்த டிசம்பரில்தான். உங்களுடைய கேள்வியில் காலில் விழுவது இல்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், உணர்ச்சி மேலிட்டு அந்த நொடியில் குனிந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு விருந்தினருக்கு அது மரியாதை என்று புரிவதற்குள், யாரோ மயங்கி விழுகிறார் என்று அவர் பதறிப் பின்வாங்கியிருப்பார். பாதுகாவலரும் இரண்டடி முன்னே வந்திருப்பார். கைகூப்பி வணக்கம் சொல்வது உலகம் முழுதும் புரிகிறது. தொடவும் தேவையில்லை, கைவழியாகத் தொற்று பரவும் கவலையும் இல்லை.

இப்போது கை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் படத்தில் எல்லாவற்றையும் காட்டிக்கொடுப்பது கைதான். நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழாவில் விருந்தினராக வந்திருந்த பாடகியுடன் மாணவர்கள் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஓர் இளைஞர் வந்தார். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நின்றவுடன் இயல்பாக அவருடைய தோளில் கை போட்டுவிட்டார். பிறகு அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். பாடகியின் உதடு சிரிக்கிறது. ஆனால் கை பட்ட தோள் மட்டும் காதை நோக்கி ஓர் அங்குலம் ஏறியிருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, உடலின் கனம் முழுதும் அந்த இளைஞருக்கு எதிர்ப்பக்கத்துக் காலுக்குப் போயிருக்கிறது, இரண்டு கைகளும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு முந்தைய படத்தில், இரண்டு மாணவிகள் இடைவெளி விட்டு நின்றபோது, அதே பாடகியின் தோள்கள் சமமாகவும் கைகள் தளர்வாகவும் இருந்தன. அந்த இளைஞர் தம் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். அதில் தெரிவது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, படம் பார்த்துப் பழகிய எவருக்கும் தெரியும்.

ஆகவே என் யோசனை: அருகில் போய் நிற்கும்போது கைகளை உங்கள் உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். வழிநடத்துவது விருந்தினராக இருக்கட்டும். அவர் கையை விரித்து அழைத்தால் நீங்களும் அதே அளவுக்கு, அதற்கு மேல் போகாமல், பதில் செய்யலாம். அவர் தோளோடு தோள் சேர்த்தால் தோளோடு நில்லுங்கள், இடுப்புக்குப் போகாதீர்கள். பக்கவாட்டு அணைப்புக்கு அவர் சம்மதித்திருந்தால் உங்கள் உள்ளங்கை படவேண்டிய இடம் முதுகின் மேற்பகுதி, தோள்பட்டை எலும்பை ஒட்டி. அதற்குக் கீழே இறங்க எந்தக் காரணமும் இல்லை. ஆண் நடிகரிடம் பெண் ரசிகைகள் நடந்துகொள்வதற்கும் இதே விதிதான். கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடுவதை விளையாட்டு என்று நினைக்கிறவர்கள், அதையே ஓர் ஆண் நடிகையிடம் செய்தால் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கலாம். கையைத் தொடாமல் காற்றில் நிறுத்திவைப்பவர்களும் உண்டு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் படத்தில் கை அந்தரத்தில் தொங்குவது விநோதமாகத் தெரியும். அதைவிடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது அழகு.

கேட்பது எப்படி? வரிசையின் தலைப்பகுதிக்கு வரும்போது ஓர் ஊழியரோ தன்னார்வலரோ நிற்பார். "அணைத்தபடி படம் எடுக்க இன்று அனுமதிக்கிறாரா?" என்று அவரிடம் முதலில் கேளுங்கள். விருந்தினரின் அன்றைய நிலை அவருக்குத் தெரியும். உடல்நிலை, நீண்ட பயணம், முந்தைய வரிசையில் நடந்த ஏதோ ஒன்று காரணமாக அன்றைக்குத் தொடுகையே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கொரோனாவுக்குப் பிறகு சில விழாக்களில் விருந்தினருக்கும் ரசிகருக்கும் நடுவே கண்ணாடி போன்ற தடுப்பு வைத்தே படமெடுத்தார்கள். அப்படி இருந்தால் கேள்விக்கே இடமில்லை. ஊழியர் சரி என்றாலும், உள்ளே நடந்து போகும்போதே விருந்தினரிடம் "ஹாய், சைட் ஹக் ஓகே?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம், அந்த நான்கு சொல் போதும். உடனே "ஷ்யூர்" என்று வந்தால் சம்மதம். அரை நொடி தயங்கினாலோ, "லெட்ஸ் டூ திஸ்" என்று வேறு போஸ் காட்டினாலோ, அது நாகரிகமான மறுப்பு. முகம் வாடாமல் அவர் காட்டியதைச் செய்யுங்கள். "ப்ளீஸ், ஒரு தடவை" என்று கெஞ்சுவது கேட்பதைவிட மோசம்.

உண்மையில் தொடாமல் எடுக்கும் போஸ்கள்தான் நன்றாக அமைகின்றன என்பது என் தொழில் அனுபவம். முதுகோடு முதுகு சாயாமல் ஒரு கை இடைவெளியில் கைகட்டி நிற்கலாம். இருவரும் கேமராவை நோக்கி விரல் நீட்டலாம். அந்தத் தொடரில் அவருடைய பாத்திரத்துக்கென்று ஒரு சைகை இருந்தால் அதைச் சேர்ந்து செய்யலாம். அவர் மிரட்டுவதுபோலவும் நீங்கள் பயப்படுவதுபோலவும் நிற்கலாம். நடிகர்களுக்கு நடிக்க ஏதாவது கொடுத்தால் களைப்பையும் மறந்து உற்சாகமாகிவிடுவார்கள். அதை வாயால் விளக்க நேரம் இருக்காது. விரும்பும் போஸைக் கோட்டுச் சித்திரமாகவோ படமாகவோ ஒரு அஞ்சலட்டை அளவு தாளில் அச்சடித்து எடுத்துப் போங்கள். கைபேசி மேசைக்குப் போய்விடும், தாள் போகாது. காட்டினால் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். அவரைத் தூக்குவது, அவர் உங்களைத் தூக்குவது, கழுத்தை நெரிப்பது, தலையில் பொம்மைத் துப்பாக்கி வைப்பது ஆகியவற்றைக் கேட்கவே வேண்டாம். காதலிக்கு மோதிரம் நீட்டும் திட்டம் யாருக்காவது இருந்தால் முன்கூட்டியே அமைப்பாளரிடம் பேசி ஒப்புதல் வாங்க வேண்டும். விருந்தினருக்கு அது திடீர் அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. கட்சித் துண்டு, சங்கக் கொடி, சாதித் தலைவர் படம், நம் கடையின் விளம்பர அட்டை ஆகியவற்றோடும் போகாதீர்கள். அவர் அதை ஆதரிப்பதாகப் படம் சொல்லும், அவருடைய ஒப்பந்தங்களுக்கும் அது சிக்கல்.

பொன்னாடை பற்றி உங்கள் அக்காவுக்குச் சொல்வது: அவருடைய ஆசை எனக்குப் புரிகிறது, நம் மேடைகளில் பொன்னாடை இல்லாமல் எந்த விருந்தினரையும் நாம் அனுப்புவதில்லை. ஆனால் அதைப் போர்த்த இரண்டு கைகளும் அவருடைய கழுத்தைச் சுற்றிப் போக வேண்டும். ஒப்பனை, மைக், முடி எல்லாவற்றிலும் உரசும். உங்களுக்கான வினாடிகளில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். பிறகு வருகிற படங்களில் அவர் அந்தத் துணியோடு நிற்க முடியாது என்பதால் உடனே கழற்றி யாரிடமாவது கொடுப்பார், அதைப் பார்க்க அக்காவுக்கு வருத்தமாக இருக்கும். மடித்த பொன்னாடையை இருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தபடி படம் எடுத்துவிட்டு உதவியாளரிடம் கொடுத்துவிடலாம். சேலம் வெண்பட்டாக இருந்தால் அது எந்த ஊர் நெசவு என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள், பிறகு படிப்பார்.

மாம்பழம் வேண்டாம். மல்கோவாவைப் பற்றி அம்மாவுக்கு இருக்கும் பெருமிதம் நியாயமானதே என்றாலும், அறிமுகமில்லாதவர் தரும் உணவை விருந்தினர்கள் உண்பதில்லை, பாதுகாப்புக் காரணங்களால் ஊழியர்களும் அதை அனுமதிப்பதில்லை. வெட்டாத பழத்தை அவர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் கடினம். பல நாடுகளில் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். தட்டுவடை செட்டுக்கும் இதே கதிதான், நொறுங்கியும் போயிருக்கும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் விடுங்கள். விலை உயர்ந்ததும் உடலில் அணிவதுமான பொருள் வாங்குகிறவரைச் சங்கடத்தில் தள்ளும். ஒரு கடிதம், கையால் வரைந்த படம், சிறிய கைவினைப் பொருள் எதுவானாலும், பிரித்துப் பார்க்கும் வகையில் திறந்த உறையில், உதவியாளரிடமோ கையெழுத்து மேசையிலோ கொடுப்பதுதான் முறை. படமெடுக்கும் அறையில் எதையும் நீட்டாதீர்கள்.

பேச்சுக்கு இருப்பது ஒரு வாக்கியம். வரிசையில் நிற்கும்போதே அதைத் தயார் செய்துகொள்ளுங்கள். "உங்கள் பெரிய ரசிகன்" என்பதை அவர் அன்று நூறு முறை கேட்டிருப்பார். தொடரின் இன்ன பருவத்தில் இன்ன காட்சி எனக்குப் பிடிக்கும் என்று குறிப்பிட்டுச் சொன்னால் முகம் மலர்வதைக் கண்ணால் பார்க்கலாம். தொலைபேசி எண், சினிமா வாய்ப்பு, விவாகரத்து, சம்பளம் பற்றிப் பேசக் கூடாதென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவருடைய எடை, வயது, "நேரில் குள்ளமாக இருக்கிறீர்களே" போன்றவற்றைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் அதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பேச்சு வராமல் உறைந்துபோனாலும் ஒன்றும் இல்லை. வணக்கம் சொல்லி நில்லுங்கள். அப்படி உறைபவர்களைக் கையாள அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நீண்ட உரையாடல் வேண்டுமென்றால் கையெழுத்து வரிசையில் சற்றுக் கூடுதலாக வாய்ப்பு உண்டு.

இனி என் தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ள சில செய்திகள். படம் எடுக்கும் நொடியில் பாதிப் பேர் விருந்தினரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண் லென்ஸில் இருக்கட்டும், அவரைப் பார்க்க வரிசையில் நிற்கும் நேரம் இருக்கிறது. மூக்குக் கண்ணாடி அணிபவர் முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தினால் ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் தெறிக்காது. வெயிலில் கறுக்கும் வகைக் கண்ணாடியாக இருந்தால், வெளி வரிசையில் நின்று உள்ளே வந்ததும் அது தெளிவதற்குச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், கடைசி நேரத்தில் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பது நல்லது. பின்திரை கறுப்பாக இருக்கும் இடத்துக்குக் கறுப்புச் சட்டையில் போனால் தலை மட்டும் மிதக்கும். பளிச்சென்ற வெள்ளை வேட்டி சட்டையும் அகலமான ஜரிகையும் ஃபிளாஷுக்கு அருகில் வெளிறிப்போகும். வேட்டிதான் கட்ட வேண்டும் என்று இருந்தால் சட்டையாவது அடர்ந்த நிறமாக இருக்கட்டும். அத்தர் அள்ளிப் பூசிக்கொண்டு போகாதீர்கள், அவருக்கு ஒவ்வாமை இருக்கலாம். சேலத்திலிருந்து இரவு ரயிலில் ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி அப்படியே நந்தம்பாக்கத்துக்கு ஓடுகிறவர்களின் முகத்தில் அந்த ரயில் தெரியும். குளித்து, உடை மாற்றி, பல் துலக்கிப் போக ஒரு மணி நேரத்தைத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். காய்ச்சலோ இருமலோ இருந்தால் முகக்கவசம் அணிந்து நில்லுங்கள், படத்திலும் அது இருக்கட்டும். ஒருவரிடமிருந்து தொற்றினால் அவர் அடுத்த நாள் வரிசையையே ரத்து செய்ய வேண்டியிருக்கும்.

கண் மூடிவிட்டது என்று தோன்றினால் டேப்பை விட்டு நகர்வதற்கு முன்பே படமெடுப்பவரிடம் சொல்லுங்கள். கண் மூடிய படத்துக்கு மறு கிளிக் கொடுக்க நாங்கள் தயங்குவதில்லை. சிரிப்பு பிடிக்கவில்லை, தலைமுடி கலைந்திருக்கிறது என்று அச்சு வந்த பிறகு திரும்பி வந்து கேட்டால் கிடைக்காது.

காஸ்ப்ளே உடையில், அதாவது கதாபாத்திரம் போல வேடமிட்டு, போவதானால் கத்தி, வாள், கவசம் எல்லாம் அட்டையோ ஃபோமோ ஆக இருக்க வேண்டும். நுழைவாயிலில் சோதித்துச் சீட்டு ஒட்டுவார்கள், உலோகத்தை விடமாட்டார்கள். இறக்கை வைத்த உடைகள் விருந்தினரின் முகத்தைக் கீறிவிடும், அகலத்தை முன்பே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். இதோடு சேர்ந்த இன்னொன்று: அங்கே உடையணிந்து நடமாடும் மற்ற ரசிகர்களையும் விருந்தினரைப் போலவே நடத்த வேண்டும். உடையைத் தொட்டுப் பார்ப்பது, பின்னாலிருந்து படமெடுப்பது, தோளில் கை போட்டுச் செல்ஃபி எடுப்பது எல்லாம் நடந்து நடந்து புகாரானதால்தான், வேடம் போட்டிருப்பது சம்மதம் ஆகாது என்ற பொருளில் நியூயார்க் காமிக் கான் 2014இல் அரங்கெங்கும் அறிவிப்புப் பலகை வைத்தது. நம் விழாக்களில் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டு எடுங்கள்.

குழந்தைகளோடு வரும் பெற்றோருக்கு ஒரு சொல். அழுகிற குழந்தையை விருந்தினரின் கையில் திணிப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். குழந்தைக்கு அவர் அந்நியர், அவருக்கு விழுந்துவிடுமோ என்ற பயம். நீங்களே இடுப்பில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். அவராகக் கை நீட்டிக் குழந்தையும் போனால் மகிழ்ச்சி.

டிக்கெட் இல்லாத சந்திப்புகளுக்கு விதி இன்னும் கடுமையானது, ஏனென்றால் அங்கே அவர் உங்களுக்கு எந்த வினாடியையும் ஒதுக்கவில்லை. 2018 அக்டோபரில் மதுரையில் ஒரு நிகழ்ச்சிக்கு வந்த மூத்த நடிகர், கேட்காமல் செல்ஃபி எடுத்த இளைஞரின் கைபேசியைத் தட்டிவிட்டதும், பிறகு வருத்தம் தெரிவித்துப் புதிய கைபேசி வாங்கிக் கொடுத்ததும் நாடறிந்த செய்தி. இருவருமே அதை விரும்பியிருக்க மாட்டார்கள். ஏற்காட்டில் படப்பிடிப்பு நடக்கும்போதும், மே மாதக் கோடை விழா, மலர்க்காட்சி நேரத்திலும் தெரிந்த முகங்கள் கண்ணில் படும். ஏரிக்கரையில் மனைவி மக்களோடு நடப்பவர், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், தொலைபேசியில் பேசுபவர் ஆகியோரிடம் போகவே கூடாது. சும்மா நிற்கிறார் என்றால் எதிரே வந்து, கைபேசி பையில் இருக்க, "வணக்கம் சார், ஒரு படம் எடுத்துக்கலாங்களா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் "சரிங்க, நன்றி" என்று நகர்ந்துவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையில் அவருடைய காரைத் துரத்திக்கொண்டு போய் மறிக்கிற பையன்களை நினைத்தால் எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வருகிறது. மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு முன்னால் மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போஸ் கொடுக்கலாம். தமிழின் முதல் வண்ணப் படத்தை 1956இல் தந்த நிறுவனத்தின் மிச்சம் அது. அனுமதி கேட்க வேண்டியதில்லை, வண்டி வருகிறதா என்று பார்த்தால் போதும்.

நம் மாவட்டத்து வீரர்கள் பள்ளி விழாக்களுக்கு வரும்போதும் இதே அக்கறை வேண்டும். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர். அத்தகைய வீரரின் பதக்கத்தைக் கேட்காமல் கையில் எடுப்பதோ, காலைக் காட்டச் சொல்லிப் படம் எடுப்பதோ, இரக்கம் தோன்ற அருகில் நிற்பதோ மிகத் தவறு. சின்னப்பம்பட்டி நடராஜன் இடது கையால் யார்க்கர் போட்டு இந்திய அணிவரை போனவர். வேகப்பந்து வீச்சாளரின் கையையும் தோளையும் பிடித்து இழுத்துக் குலுக்கிப் படம் எடுக்கும் உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். பக்கத்து ஊர்க்காரர் என்ற உரிமையில்தான் பெரும்பாலும் இந்த எல்லை மீறப்படுகிறது.

படம் கையில் வந்த பிறகும் சில கடமைகள் உண்டு. அச்சுப் பிரதியை வாங்குமிடத்திலேயே நின்று அது உங்களுடையதுதானா, கோடு கறை இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குவியலில் மாறிப்போவது நடக்கிற ஒன்றுதான். மடங்காமல் கொண்டுவர இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைக்கும் உறை ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். வலைத்தளத்தில் போடும்போது அவரை உங்களுக்கு நெருங்கியவராகக் காட்டும் திருத்தங்கள் செய்யாதீர்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒரு சொடுக்கில் கை தோளுக்குப் போய்விடுகிறது, அவர் மறுத்த ஒன்றை நீங்கள் படத்தில் நடத்திக்காட்டுவதாகிவிடும். அவர் தங்கியிருக்கும் விடுதியின் பெயரையும் எழுத வேண்டாம். அக்காவும் படத்தில் இருப்பதால் பொதுவில் போடுவதற்கு முன் அவரையும் கேட்டுவிடுங்கள். டிஜிட்டல் பிரதிக்குத் தரும் இணைப்பு சில நாட்களிலேயே காலாவதி ஆகிவிடக் கூடும், ஆகவே ஊர் திரும்பிய அன்றே இறக்கி இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.